கரையான் பரவாயில்லை

கடலூர் வீட்டு கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை ரெய்டு 0-வில் கோர்த்து வைத்திருந்தேன். ஃபைலைத் துண்டு போட்டு இரண்டிலும் மாற்றி மாற்றி எழுதும். வேகம்னா அப்படி ஒரு வேகம்! ஒரு டிஸ்க் வருஷத்துல சாக 3% வாய்ப்புன்னு வைங்க, இரண்டில் ஏதோ ஒன்று சாக கிட்டத்தட்ட 6%. கணக்கு தெரிந்தேதான் செய்தேன். (பொட்டி தட்டுறவன் திமிர்.)

போன மாசம் ஒன்று போச்சு. 2011 தானே புயலில் சாய்ந்த பலா மரத்தின் மேல் அப்பா உட்கார்ந்திருக்கிற போட்டோவும் அதோட போச்சு. அப்பா இப்ப இல்லை.

நான் இன்ஜினியரிங் படிச்சது சிதம்பரத்தில். ராஜராஜன் நடராஜர் கோயில் அறையைத் திறக்க வைத்தபோது தேவார ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது என்ற கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனா பாருங்க, அரித்தது போக மிஞ்சியதில் முழுப் பதிகங்கள் கிடைத்தன. ரெய்டு 0-வில் ஒரு டிஸ்க் நல்லா இருந்தும், எல்லாப் பதிகத்திலும் ஒன்றுவிட்ட வரிதான் மிச்சம்.

சரி, ரெய்டு 1 போடலாமா? 2015 மாதிரி வெள்ளம் வந்தா இரண்டும் சேர்ந்தே முழுகும். ஒரு காப்பி வேற ஊர்ல இருக்கணும்.

"சிதம்பரத்துல அத்தை வீட்டு ஆல்பத்துல அந்த போட்டோ இருக்கும்டா" என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை போறேன், ஸ்கேனரோட.