கீழக்கரைச் சாலையில் மூன்று கார்கள்

ஓர் ஊரின் செழிப்பை அறிய அங்குள்ள வீடுகளின் முகப்பைப் பார்ப்பது வழக்கம். கடலோர ஊரின் இயல்பை அறிய வேண்டுமாயின், வாசலில் நிற்கும் வண்டிகளின் அடிப்பாகத்தைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும் என்பேன். மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த எங்கள் கீழக்கரையில் உப்பு, காற்றிலேயே கலந்திருக்கிறது. சன்னல் கம்பியையும் கிணற்றுக் கப்பியையும் தின்னும் அந்தக் காற்று, காரின் தகட்டை மட்டும் விட்டு வைக்குமா? கதவின் அடிவிளிம்பில் முதலில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும். அடுத்த மழைக்காலத்திற்குள் அது காசளவு விரியும். அதற்கடுத்த ஆண்டு விரலை நுழைக்கலாம்.

இத்தகைய ஊரில் எங்கள் குடும்பம் இதுவரை மூன்று கார்களை வைத்திருந்திருக்கிறது. எது சிறந்தது, எது மோசமானது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வண்டியை மட்டும் வைத்து அதற்கு விடை கூற இயலாது. அது ஓடிய சாலையையும், அதில் ஏறிய மனிதர்களையும், வழியில் நின்றால் கைகொடுக்க வந்தவரையும் சேர்த்தே கூற வேண்டும்.

முதலாவது, வாப்பா 1990இல் பழையதாக வாங்கிய அம்பாசிடர். அவ்வண்டியை அறியாத வாசகர் எவரும் இரார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள உத்தரபாராவில் 1950களின் இறுதியிலிருந்து தயாரிக்கப்பட்டு வந்தது. 2014 மே மாதம் அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எங்கள் வண்டி எழுபதுகளில் வந்த வகை, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்டது. கியர்த் தண்டு ஸ்டீயரிங்கின் பக்கவாட்டில் இருக்கும். முன்னிருக்கை ஒரே நீளப் பலகை போன்றது. சட்டப்படி எத்தனை பேர் ஏறலாம் என்பது வேறு. எங்கள் வீட்டுக் கணக்கில் பெரியவர் ஆறு பேரும் மடியில் பிள்ளைகளும் ஏறுவர். பின் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் உம்மா பச்சைத் துணியில் திரை தைத்துப் போட்டிருந்தார்கள். அக்காலத்தில் எங்கள் ஊர்க் கார்களில் திரையில்லாத காரைக் காண்பது அரிது.

பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் என்பது அதைப் பற்றி ஊரறிந்த செய்தி. ஆயினும் அதன் அருமையை ஓர் இரவில் கண்டேன். 1993ஆம் ஆண்டு, நவம்பர் மாதத்து வடகிழக்குப் பருவமழை. இரவு ஒரு மணிக்கு ராத்தாவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. இராமநாதபுரம் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். தொலைவு இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் திருப்புல்லாணிக்கு அருகே தாழ்வான பகுதியில் சாலையின் மீது வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் 'டிரைவர் மாமா' என்றழைத்த பெரியவர் மெதுவாக வண்டியை நீரில் இறக்கினார். பாதியில் நீர் தெறித்து எஞ்சின் நின்றது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. டார்ச் விளக்கைப் பிடிப்பது என் பணியாயிற்று. மாமா முழங்கால் நீரில் இறங்கி, முன்மூடியைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டின் உலர்ந்த நுனியால் உட்புறத்தைத் துடைத்தார். பிளக் கம்பிகளையும் துடைத்தார். "தம்பி, வெளக்க ஆட்டாமப் புடிங்க" என்றதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பிறகு கைப்பிடியை முன்புறம் செருகி இரண்டு முறை சுழற்றினார். மூன்றாம் முறை எஞ்சின் உயிர்பெற்றது. சுபுஹு பாங்கிற்கு முன் எனக்கு மருமகன் பிறந்தான்.

அந்த இரவில் பயன்பட்ட கருவிகள் ஒரு துண்டு, ஒரு விளக்கு, ஒரு கைப்பிடி. இவற்றைக் கொண்டு சரிசெய்யத்தக்க அளவுக்கு அவ்வண்டியின் உள்ளமைப்பு எளிமையாக இருந்தது. இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் மரத்தடியில் பட்டறை வைத்திருந்த எந்த மெக்கானிக்கும் அதை அறிவார். உதிரிப் பாகம் கிடைக்காவிடில் லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்வார்கள். 2001இல் வாப்பா வஃபாத்தான பின், இரண்டாண்டுகள் கழித்து அதனை விற்றோம். அடித்தகட்டைக் காற்று தின்றிருந்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது வண்டி 2009இல் வந்தது. அதன் பெயரையும் செய்த நிறுவனத்தையும் நான் கூறப் போவதில்லை. ஏன் என்பது பின்னர் விளங்கும். வட்டிக் கடன் வேண்டாம் என்று உம்மா உறுதியாக இருந்ததால், துபாயிலிருந்த காக்கா அனுப்பிய தொகையோடு என் சேமிப்பையும் சேர்த்து, கைப்பணத்துக்கு அடங்கிய பழைய கார் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி வந்தோம். பார்வைக்கு அழகிய சிறிய கார். குளிர்சாதனம் உண்டு. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி தானே இறங்கும். தெருப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருவார்கள்.

ஓராண்டுக்குள் கடற்காற்று தன் வேலையைத் தொடங்கியது. இம்முறை அது தகட்டைத் தேடிப் போகவில்லை. கம்பி இணைப்புகளுக்குள் புகுந்தது. செப்பு முனைகளில் பச்சை பூத்தது. எரிபொருளை அளந்து செலுத்துவதே மின்னணுக் கருவியாகிய வண்டியில், ஓர் இணைப்புக் கெட்டால் உடம்பு முழுவதும் மயங்கிவிடும். கோளாறு எதுவென்று அறியவே கணினி வேண்டும். அக்கணினி மதுரையில் இருந்தது. பாகமோ சென்னையிலிருந்து வர வேண்டும். பரமக்குடி மெக்கானிக் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அஜரத், இதுல நான் கைவைக்கிறதுக்கு எடமே இல்லையே" என்று சிரித்தார்.

2012 மே மாதம். உம்மாவுக்கு மதுரையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலம். இராமநாதபுரத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்போது நான்கு வழிச் சாலை வரவில்லை. சிகிச்சை முடிந்து திரும்புகையில், மானாமதுரையைக் கடந்து பரமக்குடியை எட்டுவதற்கு முன், நண்பகலில் வண்டி நின்றது. சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலம். நிழலென்று சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் அற்றுப்போனதால் மூடிய கண்ணாடிகள் இறங்க மறுத்தன. கதவுகளைத் திறந்து வைத்தால் அனற்காற்று, மூடினால் அடுப்பு. மருந்தின் மயக்கத்தில் உம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர்ப் புட்டியும் தீர்ந்துவிட்டது.

சற்றுத் தொலைவில் ஓலைப் பந்தலின் கீழ் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் ஓடிவந்தார். உம்மாவைத் தாங்கிப் பிடித்துப் பந்தலுக்கு அழைத்துச் சென்று, தம் சாக்கை விரித்துப் படுக்க வைத்து, நுங்கின் நீரைச் சிறிது சிறிதாக வாயில் ஊற்றினார். காசு கொடுத்தபோது, "எங்க ஆத்தாளுக்கு ஊத்துனா காசா வாங்குவேன்?" என்று மறுத்துவிட்டார். அரைமணி நேரத்திற்குப் பின் வாழைத்தார் ஏற்றிவந்த சிறு சரக்கு வண்டிக்காரர் ஒருவர், முன்னிருக்கையில் இருந்த தம் உதவியாளரைப் பின்னால் ஏறச்சொல்லிவிட்டு, உம்மாவைப் பரமக்குடி வரை கொண்டு சேர்த்தார்.

அன்றிரவு வீட்டில் அவ்வண்டியை நான் கடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, படுத்திருந்த உம்மா சொன்னார்கள்: "அத ஏசாதங்க வாப்பா. அது நம்ம ஊருக்குப் பழகாத வண்டி. நம்ம காத்தும் அதுக்குப் பழகல, நம்ம ரோட்டுக்காரங்களுக்கும் அதப் பழகல."

அந்தச் சொல்லின் உண்மை பிறகுதான் விளங்கிற்று. அவ்வண்டியை விற்கும்போது, வாங்க வந்த மதுரைக்காரரிடம் ஒரு குறையையும் மறைக்காமல் எழுதியே கொடுத்தேன். அவர் விலையைக் குறைத்து வாங்கிச் சென்று, கம்பிகளை முழுவதும் மாற்றினார். ஆறாண்டுகளுக்குப் பின் மதுரையில் அவரைச் சந்தித்தபோது, அதே வண்டியில் வந்து இறங்கினார்! உப்புக் காற்றில்லாத ஊர். பழுது பார்க்குமிடம் அவர் தெருமுனையில். எங்களுக்கு வாய்த்தவற்றுள் மிக மோசமான கார், அவருக்கு நல்ல காராக ஓடிக்கொண்டிருந்தது. அதனாலேயே பெயர் சொல்லத் தயங்குகிறேன்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. கார் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஒரு கார், 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் காராகத் தேர்வு பெற்றது. அதன் கூட்டை வாங்கி, சென்னையை அடுத்து இயங்கிய ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்னும் காரை வெளியிட்டது. கூடு புதியது, உள்ளே வைத்ததோ பல்லாண்டுகளுக்கு முந்திய வடிவமைப்பைச் சேர்ந்த இரண்டு லிட்டர் எஞ்சின். சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. ஓரிடத்தில் பரிசு பெற்ற வடிவம், வேறோர் இதயத்தோடு வேறோரிடத்தில் நிலைக்கவில்லை.

மூன்றாவது வண்டி, 2014இல் பழையதாக வாங்கிய மாருதி ஆம்னி. 1984இல் 'மாருதி வேன்' என அறிமுகமான வகை. மாருதி 800 காரின் அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின், முன்னிருக்கைகளின் கீழே அமைந்திருக்கும். பின்கதவு பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. பாதுகாப்பில் அது பின்தங்கியது என்பதை மறைக்கலாகாது. முன்மூக்கு இல்லாத வண்டியாதலால், மோதினால் ஓட்டுநரின் காலுக்கும் எதிரே வருவதற்கும் இடையில் அதிகத் தடுப்பில்லை. விபத்துப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்ட 2019இல் அதன் உற்பத்தியும் நின்றது. எங்கள் வண்டியை ஐம்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வீட்டில் ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

உம்மாவுக்கு நெடுநாள் ஆசை ஒன்றிருந்தது. அவர்களுடைய வாப்பா, அதாவது என் பாட்டனார், கொழும்பில் வணிகம் செய்தவர். எங்கள் ஊரார் பலரைப் போலவே அவரும் இரயிலில் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறுவார். 1963இல் அவ்வாறு சென்றவர், 1965இல் கொழும்பிலேயே வஃபாத்தாகி அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். இடையில் 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. தந்தையார் கடைசியாகக் கால்வைத்த நம் மண்ணைப் பார்க்க வேண்டுமென்பது உம்மாவின் ஆசை.

பாம்பன் சாலைப் பாலம் 1988இலேயே திறக்கப்பட்டது. ஆனால் முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் நெடுங்காலம் மணல்தான். ஜீப்புகளும் வேன்களும் கடல்நீரும் மணலுமான தடத்தில் குலுங்கிக் குலுங்கிச் செல்லும். முழங்கால் வலியும் முதுகு வலியும் உள்ள உம்மாவால் அது இயலாது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2018 ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை மதரஸா விடுமுறையில் புறப்பட்டோம். ஓட்டியவன், அந்த மழையிரவில் பிறந்த மருமகன்.

பாம்பன் பாலத்தில் வண்டியைப் பக்கவாட்டுக் காற்று சற்றே அசைத்தது. இராமேசுவரத்தைக் கடந்ததும் இருபுறமும் கடல். ஒருபுறம் அலையடங்கிய நீர்; மறுபுறம் இரைந்து வரும் நீர். இடிந்த தேவாலயச் சுவர்களும் இரயில் நிலையத்தின் எஞ்சிய தூண்களும் நிற்குமிடத்தில் நிறுத்தினோம். உம்மாவால் மணலில் நடக்க முடியவில்லை. மருமகன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பக்கக் கதவை முழுவதும் தள்ளித் திறந்தான். உம்மா இருக்கையைவிட்டு இறங்காமலேயே, கால்களை வெளியே தொங்கவிட்டு, கடலை நோக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

"இங்க இருந்துதான் ஏறுனாகளா?" என்று ஒரு முறை கேட்டார்கள். ஆம் என்றேன். அதன்பின் அரைமணி நேரம் பேசவில்லை. உதடுகள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு உம்மாவும் வஃபாத்தானார்கள்.

நண்பர்களுக்கு என் விடை இதுதான். தொண்ணூறுகளின் சாலைக்கு அம்பாசிடர் சிறந்தது. உம்மாவின் முதுமைக்கு ஆம்னி சிறந்தது. இடையில் வந்தது, ஊர் மாறி வந்த நல்ல வண்டி. கடற்கரை ஊர்களில் கார் வாங்க எண்ணும் குடும்பத்தார் நிறத்தையும் வசதியையும் பார்க்குமுன் மூன்றைக் கேட்டறிவது நன்று: நம் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில் இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறார்? பாகங்கள் எங்கிருந்து வர வேண்டும்? வீட்டின் மூத்தவர் பிறர் உதவியின்றி ஏறி இறங்க முடியுமா?

வாங்கிய பின் செய்ய வேண்டுவனவும் உண்டு. அடித்தகட்டிற்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துக்கொள்க. கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்க. தனுஷ்கோடி போன்ற இடங்களுக்குச் சென்று திரும்பினால், அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி விடுக. மறுநாளைக்கென்று வைத்தால் உப்பு காத்திராது. பழைய காரை விற்பவர் குறைகளைச் சொல்லியே விற்க. வாங்குகிறவர் வீட்டிலும் நோயுற்ற தாயார் ஒருவர் இருக்கக்கூடும்.