லேபிள் ஒட்டாத புட்டிகள்

வின்னிபெக்கிலிருந்து ரயிலில் இரண்டு ராத்திரி. சாலை கிடையாது, ரயிலை விட்டால் விமானம்தான். கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் ஊருக்குப் பெரும்பாலோர் அக்டோபர், நவம்பரில் பனிக்கரடி பார்க்கப் போவார்கள். நான் ஜூலையில் பாசி பார்க்கப் போனேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் இதைச் சொன்னபோது, எனக்கு வார்த்தை தவறிவிட்டது என்று நினைத்து, "பெலூகா திமிங்கிலமா?" என்று எடுத்துக் கொடுத்தார்.  

காலையில் மூன்று பேராகக் கிளம்பினோம். நான், குட்டைகளை ஆராயும் ஒரு மாணவி, துப்பாக்கியோடு ஒரு கரடிக் காவலர். ஊருக்குக் கிழக்கே, பழைய ராக்கெட் ஏவுதளம் இருந்த இடத்தில் இப்போது வடபுல ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கடலோரப் பாறைகளுக்குப் போய், பிறகு உள்நாட்டுப் பக்கமாக நடப்பது திட்டம். காவலர் ஒரே ஒரு விதி சொன்னார்: நீங்கள் தண்ணீரைக் குனிந்து பாருங்கள், நிமிர்ந்து பார்ப்பது என் வேலை.

இத்தனை வடக்கே பாசிக்கு எஜமான் குளிர்தான் என்று நம்பிப் போயிருந்தேன். முதல் குட்டையில் கை விட்டதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இங்கே பெரும்பாலான குட்டைகளுக்கு ஒரு மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. குளிர்காலத்தில் அடிமண் வரை கட்டியாக உறைந்துவிடும். ஆனால் ஜூலையில் பதினேழு பதினெட்டு மணி நேரம் வெயில் விழுந்தால், அத்தனை குறைந்த நீர் சூடேற எவ்வளவு நேரமாகும்? குளிர் இங்கே வாயிற்காவலன் மாதிரி. உறைந்தும் உருகியும் பிழைக்கத் தெரியாததை உள்ளே விடாது. உள்ளே வந்தவற்றில் யார் எந்தக் குட்டையில் குடியிருப்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

கடலோரப் பாறை மிகப் பழைய குவார்ட்சைட். மழைநீர் எத்தனை காலம் தேங்கி நின்றாலும் அதிலிருந்து கரைந்து வருவது சொற்பம். ஆகவே பாறைக்குழியில் இருக்கும் சத்தெல்லாம் வெளியிலிருந்து வந்ததுதான்: மழை, அலைச்சாரல், பறவை எச்சம். அலைக்கு அருகிலிருந்த குழி நீரை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மாணவி முகம் சுளித்தார், ஆனால் தன் மின்கடத்துமானியும் அதையேதான் சொல்கிறது என்றார். சிறிது மேலே ஏறினால் உப்பு குறைகிறது. அடுத்த மேட்டில் கிட்டத்தட்ட மழைநீர்.

அங்கே இரண்டு குழிகள், பத்தடி இடைவெளி. ஒன்றில் அடிப்பாறையின் கீறல் வரை தெரிந்தது. மற்றது பட்டாணி மசித்த பச்சை. நிமிர்ந்து பார்த்தால் காரணம் புரிந்தது. பச்சைக் குழிக்கு மேலே துருத்திய பாறை கடற்காகங்களின் ஆசனம். பாறையெங்கும் வெள்ளைக் கோடுகள். எச்சத்தில் நைட்ரஜனும் உண்டு, பாஸ்பரஸும் உண்டு. நன்னீரில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது இரண்டாவது. இதற்குக் கண்ணால் காணும் சாட்சியை 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஏற்படுத்தினார்கள். ஒன்டாரியோவின் வடமேற்குப் பகுதியிலுள்ள 226ஆம் எண் ஏரியைத் திரை கட்டி இரண்டாக்கி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் கலந்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தது. என் முன்னால் அதையே கடற்காகங்கள் செலவில்லாமல் செய்து வைத்திருந்தன.

உள்ளங்கை அகலக் குழியொன்று முழுக்க வற்றி, அடியில் செங்கல்தூள் போலச் சிவப்புப் படலம் மட்டும் ஒட்டியிருந்தது. ஹெமட்டோகாக்கஸ். பச்சைப் பாசி இனம்தான். நீர் வற்றும்போது நீச்சலை விட்டு, தடித்த சுவர் எழுப்பி, அஸ்டாஸாந்தின் என்ற செந்நிறமியால் தன்னை நிரப்பிக்கொண்டு உறங்கிவிடும். அடுத்த மழைக்கு எழுந்து மறுபடி பச்சையாகும். பாறைக்குழி மாதிரி நிச்சயமில்லாத வீட்டில் குடியிருக்க இந்தத் தூக்கம்தான் மூலதனம்.

இந்தக் குழிகளுக்கு அறிவியலில் நெடுநாளாகவே பேர் உண்டு. உயிரினங்களை டிஎன்ஏ துண்டால் அடையாளம் காணும் முறையைப் பின்னாளில் பிரபலப்படுத்திய பால் ஹீபர்ட், அதற்கு முன்னால் இதே ஊர்ப் பாறைக்குழிகளில் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை ஆராய்ந்தவர். பாசியை மேய்ந்து வாழும் அந்தத் தெள்ளிலும் உப்புக்குழிக்கு ஒரு வகை, நன்னீர்க்குழிக்கு ஒரு வகை. மேய்வதும் மேயப்படுவதும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று தோன்றியது.

கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தோம். இங்கே இப்படி நடப்பது காலத்திலும் பின்னோக்கி நடப்பது. பனியுகத்தின் பனிப்பாளம் அழுத்தி வைத்திருந்த தரை, பாரம் நீங்கியதிலிருந்து மேலெழும்பிக்கொண்டே இருக்கிறது. நூறாண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். கடல் பின்வாங்கி விட்டுப்போன சரளைத் திட்டுகள் வரிவரியாகக் கிடக்கின்றன. கரையோரக் குட்டை இளையது, உள்ளே போகப்போக மூத்தது.

திட்டுகளுக்கு இடையே இருந்த குட்டை கண்ணாடி. தண்ணீரில் மிதக்கும் பாசி இல்லவே இல்லை என்று சொல்லலாம். அடித்தரையில்தான் கூட்டம்: பழுப்புப் பாய் ஒன்று, அதன்மேல் சொரசொரப்பான பச்சைக் காடு. ஒரு கிளையைப் பிடுங்கி முகர்ந்தேன், பூண்டு வாடை. காரா! கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலின் புட்டிக்குள் வெளிறிக் கிடந்து செய்முறைத் தேர்வில் அடையாளம் காணச் சொல்லி வைக்கப்பட்ட அதே காரா. விரலில் தேய்த்தால் மணல்போல நெரித்தது. அது மணலில்லை, சுண்ணாம்பு. இங்கே தரைக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதன் துகள் கலந்த மண்ணில் நிற்கும் நீரில் பி.எச். எட்டைத் தாண்டும். அந்தக் காரத்தன்மையில் தனித்த கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய இருக்காது, கார்பன் பைகார்பனேட்டாக மாறியிருக்கும். பைகார்பனேட்டை உடைத்துச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே சோறு. காராவுக்குத் தெரியும். உடைத்த பிறகு மிஞ்சும் சுண்ணாம்பு அதன் உடம்பிலேயே படிகிறது. படியும் சுண்ணாம்பு நீரிலுள்ள பாஸ்பரஸையும் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். நடுநீரில் மிதக்கிறவன் பட்டினி. அடிமண்ணில் ஒட்டியவனுக்கு விருந்து. குட்டை தெளிவாக இருப்பதன் ரகசியம் சுத்தம் அல்ல, இந்தப் பங்கீடு.

பழுப்புப் பாயின் நிறத்துக்கும் காரணம் உண்டு. மேல்தட்டிலுள்ள நீலப்பச்சைப் பாசிகள் வெயிலின் புறஊதாவைத் தடுக்க ஸ்கைட்டோனெமின் என்ற பழுப்பு நிறமியைத் தங்கள் உறையில் பூசிக்கொள்கின்றன. கத்தியால் கீறினால் அடியில் பச்சை. கரையோரத்தில் திராட்சை அளவு ஜெல்லி உருண்டைகள், நாஸ்டாக். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய 'சயனோஃபைட்டா' நூலில் நான் படம் வரைந்து மனப்பாடம் செய்த பேரினம். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் வல்லமை அதற்கு இருப்பதால், நைட்ரஜன் குறைந்த குட்டையிலும் அதற்குக் கவலையில்லை.

நீர்விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம். ஆவியாகி மிஞ்சிய உப்பு. மாணவி அதைக் காலால் சுட்டினார், பேசவில்லை. இந்த ஆவியாதல் எங்கே போய் முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. இன்னும் வடக்கே, எல்ஸ்மியர் தீவின் ஹெர்ஷல் முனைக் குட்டைகளை மேரியன் டக்ளஸும் ஜான் ஸ்மோலும் 1983 முதல் கவனித்து வந்தார்கள். 2006 ஜூலையில் போனபோது அவற்றில் சில வற்றிக் கிடந்தன. அவற்றின் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதாக மாறாதிருந்த டயட்டம் ஓடுகளின் வரிசை கடந்த ஓரிரு நூற்றாண்டில் மாறியதையும் முன்பே அவர்கள் காட்டியிருந்தார்கள். கண்ணாடி ஓட்டில் வாழும் பாசி டயட்டம். செத்த பிறகும் ஓடு சாட்சி சொல்லும்.

வழியில் வாத்துகள் மேய்ந்து மொட்டையடித்த சேற்றுவெளியைக் கடந்தோம். தெற்கே அமெரிக்க வயல்களின் தானியத்தில் கொழுத்துப் பெருகிய பனிவாத்துகள் கோடையில் இங்கே வந்து இறங்குகின்றன. கொசு அப்பிக்கொண்டதால் அங்கே நிற்கவில்லை.

கடைசியாக, குட்டையான ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் ஒரு சதுப்பு. காலடியில் ஸ்பாக்னம் மெத்தை. இதையும் நாம் பாசி என்றே சொல்வோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் இடிக்கும், இங்கே ரொம்பவே இடித்தது. ஏனென்றால் இந்தத் தரைப்பாசிதான் நீர்ப்பாசிக்கு வீடு கட்டித் தருகிறது. ஸ்பாக்னத்தின் செல்சுவர் நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. மட்கிய அடுக்கு தடித்துத் தடித்துக் கீழேயுள்ள சுண்ணாம்பு மண்ணிலிருந்து நீரைப் பிரித்துவிடுகிறது. இத்தகைய குழிகளில் பி.எச். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்பது வழக்கம். தண்ணீர் வரக்காப்பி நிறம். வெளிச்சம் ஒரு சாண் இறங்கினாலே மங்கிவிடுகிறது. காராவை இங்கே தேடுவது வீண். ஆனால் ஒரு பிடி ஸ்பாக்னத்தைப் பிழிந்தால் சொட்டும் நீரில் நுண்ணோக்கிக்காரனின் சொர்க்கம் இருக்கிறது: டெஸ்மிட்கள் என்ற நுண்ணிய பச்சைப் பாசிகள். தனித்த கார்பன் டை ஆக்சைடு தாராளமாகக் கிடைக்கும், உப்புக் குறைந்த புளிப்பு நீர்தான் அவற்றில் பலவற்றுக்குப் பிடித்த இடம்.

சுண்ணாம்புக் குட்டைக்கும் இதற்கும் நடை தூரம்தான். டெஸ்மிட்டைக் காற்றும் வாத்தின் காலும் அங்கேயும் கொண்டுபோய்ப் போட்டிருக்கும். போட்டால் போதுமா?

மூன்று இடத்திலும் ஒவ்வொரு புட்டி நீர் எடுத்திருந்தேன், மாணவியின் ஆய்வு அனுமதியின்பேரில். கொசுவை விரட்டும் அவசரத்தில் லேபிள் ஒட்ட மறந்துபோனேன். பாதையில் மூன்றும் பைக்குள் உருண்டு கலந்துவிட்டன; கலங்கிய நிலையில் நிறத்தை வைத்துச் சொல்லவும் துணிவு வரவில்லை. இரவு நிலையத்தில் நுண்ணோக்கி கிடைத்தது. முதல் புட்டியில் க்ளோஸ்டீரியம் என்ற பிறைவடிவ டெஸ்மிட், அதன் இரு முனையிலும் துள்ளும் படிகங்கள். பக்கத்தில் அவரைக்காய்போல் வளைந்த யூனோஷியா டயட்டம். ஸ்பாக்னக் குழி என்று எழுதினேன். இரண்டாவதில் சுண்ணாம்புத் துகளும் காராவின் கிளைநுனியும். மூன்றாவது முழுக்கப் பச்சை உருண்டைகள், நடுநடுவே சிவந்தவை. கடற்காகம் உட்காரும் பாறை.

மறுநாள் காலை பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். மூன்று லேபிளில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.