பத்தடிக்கு அப்பால்

ஜொகூர்பாருவிலிருந்து தெப்ராவ் சாலை வழியாகப் போகிறவர்களின் கண்ணில் இன்று படுவதெல்லாம் பேரங்காடிகளும் அடுக்குமாடி வீடுகளும்தான். மவுண்ட் ஆஸ்டின் என்ற பெயர் மட்டும், அங்கே ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம் இருந்ததை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற என் மாமா, இப்போது தெப்ராவில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் பசியாறக் கடைக்கு அழைத்துப்போனார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துபோய்ச் சாலையோரத்தில் நின்று சிகரெட் பற்றவைத்தார்.

"கடையில உட்கார்ந்து பிடிக்கக்கூடாது தம்பி. பத்தடி தள்ளித்தான் நிக்கணும்" என்றார் சிரித்துக்கொண்டே.

உண்மைதான். 2019 ஜனவரி 1 முதல் நம் நாட்டு உணவகங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. கடையிலிருந்து 3 மீட்டர் விலகி நிற்கவேண்டும். ஜொகூர் மாநிலம் 2016-லேயே மின்சிகரெட் விற்பனையைத் தடைசெய்தது. நாடு முழுவதற்குமான புதிய சட்டம் 2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்தது. 18 வயது நிரம்பாதவருக்கு இவற்றை விற்பது குற்றம். பலன் இல்லாமலில்லை. 2011-இல் பெரியவர்களில் 100-க்கு 23 பேர் புகைத்தார்கள். 2023-இல் அது 19 ஆகக் குறைந்திருந்தது.

அன்று இரவு மாமா தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார். மடியில் பேரன், விரலிடுக்கில் சிகரெட். பிள்ளை இருமிக்கொண்டே இருந்தான்.

"கடைக்குப் பத்தடி, பேரனுக்கு ஓரடிகூட இல்லையா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. விடியற்காலையில் கொசுக்கடி தாங்காமல் பீடி பிடிக்கத் தொடங்கியதையும், அத்தை வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொண்டதையும் சொன்னார். அது வாய்ப்புற்றுக்கு வழி என்று அன்று யார் சொன்னார்கள்?

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. பக்கத்திலிருந்து சுவாசிக்கும் குழந்தைக்கு ஆஸ்துமா, நெஞ்சுச்சளி, காதுநோய் வரலாம். சன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் அது முழுவதும் போய்விடாது.

விட்டவருக்கு நன்மை உடனே தொடங்குகிறது. 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிகிறது. ஓராண்டில் மாரடைப்பு அபாயம், தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் பாதியாகிறது. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இதற்கு ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன.

ஊர் திரும்பிய மறுவாரம் மாமா தொலைபேசியில் அழைத்தார்.

"நாற்காலிய வாசல் மாமரத்துக்குக் கீழே போட்டுட்டேன் தம்பி. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போறேன். மகன் கூட வர்றான்."

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறதா? இன்றைக்கே அதை வெளியே போடுங்கள். மறுநாள் அதில் உட்காருபவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள்.