இறுதியாண்டும் மதிப்பலகுக் கணக்கும்

கல்லூரி வாழ்வின் மூன்றாண்டுகளுள் முதலாண்டில் அச்சம் மிகும். இரண்டாமாண்டில் உவகை மிகும். மூன்றாமாண்டில் கணக்கு மிகும். தேறிய தாள் எத்தனை, நிலுவையில் நிற்பன எத்தனை, பட்டத்திற்கு இன்னும் வேண்டுவது எவ்வளவு என்னும் வினாக்கள் இறுதியாண்டு மாணாக்கரை உறங்கவிடா. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களினின்றும் வந்து பயில்வோராகிய எமக்கு இக்கணக்குப் பிறர்க்கினும் இன்றியமையாதது. அஃது ஏன் என்பதையும், அதன்பொருட்டுச் செய்யத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம்.

இம்மலரைப் படிக்கும் முதிய மாணாக்கர் சிலர்க்குக் 'கிரெடிட்' என்னும் சொல்லே புதிதாக இருத்தல் கூடும். அவர்கள் காலத்தில் ஆண்டிறுதித் தேர்வு ஒன்றே அளவுகோல். பின்னர்ப் பருவமுறை வந்தது. 1978-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி முதலிய சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாமே பாடத்திட்டம் வகுக்கவும் தேர்வு நடத்தவும் தலைப்பட்டன. 2008-ஆம் ஆண்டையொட்டி, விருப்பப்பாடத்தோடு கூடிய மதிப்பலகுமுறை தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளிற் பரவியது. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்கு 140 மதிப்பலகு என்பது இன்று பரவலாக வழங்கும் அளவு.

மதிப்பலகு என்பது உழைப்பின் அளவு. ஒரு பருவம் முழுதும் வாரம் ஒரு மணி பாடங்கேட்டால் ஓர் அலகு. செய்முறையாயின் இரண்டு மணிக்கு ஓர் அலகு என்பது பல்கலைக்கழக மானியக் குழு கூறும் பொதுவிலக்கணம். எனினும் வழக்கம் இலக்கணத்தோடு எங்கும் ஒத்திருப்பதன்று. வாரம் ஆறு மணி கற்பிக்கப்பெறும் தமிழ்த் தாளுக்கு மூன்றே அலகு நல்கும் பாடத்திட்டங்கள் பலவுண்டு. ஆதலின் மணிக்கணக்கைக் கொண்டு அலகுக்கணக்கை ஊகித்தல் தகாது. பாடத்திட்ட ஏட்டைத் திறந்து பார்த்தே அறிதல் வேண்டும்.

இவ்வேட்டில் ஐந்து பகுதிகள் உள. முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் அதன் துணைப் பாடங்களும், நான்காவது பிறதுறை விருப்பப்பாடம், திறன்வளர் பாடம், சுற்றுச்சூழற் கல்வி, விழுமியக் கல்வி முதலியன, ஐந்தாவது நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு முதலிய விரிவாக்கப் பணி. இவற்றுள் சுற்றுச்சூழற் கல்வி உச்சநீதிமன்றம் 1991-இல் இட்ட ஆணையின் வழியே வந்தது. ஐந்தாம் பகுதிக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் அலகுதான்.

ஒரு பகுதியின் மிகுதி மற்றொரு பகுதியின் குறையை நிரப்பாது என்பதே இறுதியாண்டு மாணாக்கர் நெஞ்சிற் பதிக்கவேண்டிய விதி. முதன்மைப் பாடத்தில் தொண்ணூறு மதிப்பெண் பெற்றாலும், ஐந்தாம் பகுதியின் ஓரலகு இன்றேல் பட்டம் இல்லை. பெருந்தாள்களுக்கு அஞ்சிக் கண்விழித்துப் படிக்கும் நாம், சிறுதாள்களை எளியவென்று புறக்கணிக்கின்றோம். பின்னர் நம்மைத் தடுத்து நிறுத்துவன அச்சிறியனவே.

எம்மூரின் ஒருத்தி கதை இதற்குச் சான்று. பள்ளத்தாக்கிலுள்ள கல்லூரியொன்றில் பயின்ற அவள், எழுதிய தாள் அனைத்திலும் முதன்முறையிலேயே தேறினாள். நலப்பணித் திட்டத்தின் ஏழுநாள் முகாம் நடந்தபோது மலைமேல் ஏலத்தோட்டங்களிற் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. தாய் நோயுற்றிருந்தமையின் தாய்க்கு மாற்றாக இவளே வைகறையில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே மலைக்குச் சென்றாள். முகாமில் அவள் பெயர் இல்லை. மூன்றாண்டின் முடிவில் அவள் கணக்கு 139. அவ்வோரலகை அடுத்த ஆண்டு இளையாரோடு சேர்ந்து ஈட்டினாள். ஆனால் ஆசிரியப் பயிற்சிக்குக் கிடைத்திருந்த இடம் அதற்குள் கைநழுவிப் போயிற்று. குறை உண்டென்று ஐந்தாம் பருவத்திலேயே அவளுக்கு உரைப்பார் ஒருவரும் இலர்.

வருகைப்பதிவும் இத்தகையதே. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை வேண்டும் என்பது பொதுவிதி. ஏலக்காய் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கித் தை வரை நீள்வது. ஐந்தாம் பருவமோ சூன் முதல் நவம்பர் வரை நடப்பது. இரண்டும் ஒரே காலத்தில் வந்து மோதுகின்றன. மதுரைக்குச் சென்று பயில்வோர்க்கு வழித்தொல்லையும் ஒன்று. 1928-இல் திறக்கப்பெற்ற போடி இருப்புப்பாதை, அகலப்பாதைப் பணிக்கென 2010-இல் மூடப்பெற்றது. தேனிக்கு வண்டி மீண்டது 2022 மே திங்களில். போடிக்கு மீண்டது 2023 சூன் திங்களில். இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றோர் பேருந்தில் நின்றுகொண்டே பட்டம் பெற்றவர்.

விதியைத் தளர்த்துக என்று யாம் வேண்டுகின்றிலம். அளவின்றி அளிக்கும் பட்டத்திற்கு மதிப்பில்லை. யாம் வேண்டுவன மூன்று. ஐந்தாம் பருவத்தின் முதல் வாரத்தில், ஈட்டிய அலகும் எஞ்சிய அலகும் பகுதிவாரியாக எழுதிய தாளொன்றை ஒவ்வொரு மாணாக்கர் கையிலும் கொடுத்தல் முதலாவது. விருப்பப்பாடப் பதிவு முடியுமுன், எப்பாடத்திற்கு எத்தனை இடம், எத்தனை அலகு என்பதை முதுமாணாக்கர் இளையார்க்கு எடுத்துரைத்தல் இரண்டாவது. விரிவாக்கப் பணியை விடுமுறை நாளில் தத்தம் ஊரிலேயே ஆற்றவும் வழிசெய்தல் மூன்றாவது. கூலிவேலைக்குச் செல்லும் மாணாக்கரும் தம்மூர்ச் சிறார்க்கு ஞாயிறுதோறும் எழுத்தறிவித்தல் இயலுமன்றோ?

இடையிற் படிப்பை நிறுத்த நேர்ந்தோரும் மனந்தளர வேண்டா. 2021-இல் மானியக் குழு வகுத்த மதிப்பலகு வங்கியில், ஈட்டிய அலகுகள் ஏழாண்டு வரை காக்கப்படும். தம் கல்லூரி அதில் பதிவுபெற்றுளதா, தம் கணக்குத் தொடங்கப்பெற்றதா என்பதை அலுவலகத்திற் கேட்டறிதல் ஒவ்வொருவர் கடமை.

முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் நம் பள்ளத்தாக்கை வாழ்விக்கின்றது. அணை நிறைந்திருப்பினும், வாய்க்காலின் ஒரு மடை அடைபட்டால் கடைமடை வயல் காயும் என்பதை நம் உழவர் அறிவர். ஆதலின் நீர் திறக்குமுன்னரே வாய்க்கால் நெடுக நடந்து பார்ப்பர். இறுதியாண்டு மாணாக்கரும் ஐந்தாம் பருவத்திலேயே தம் கணக்கை அவ்வாறு நடந்து பார்ப்பாராக. ஆசிரியப் பெருமக்கள் உடன் நடந்து உதவுவாராக. ஓரலகின் குறையால் ஒருவர் பட்டமும் நில்லாதிருத்தல் வேண்டும் என்பதே எம் விழைவு.