தனியாகத் தூங்குகிறவர்களுக்குச் சாட்சி யார்?

தாத்தா குறட்டை விட்டால் வீடே சிரிக்கும். பாட்டி விட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாட்டி தனியாக வாழ்ந்தால் அதைக் கேட்கவே ஆள் இல்லை. நான் அப்படி இருந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமான பிறகு பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். என் தூக்கத்தில் என்ன நடக்கிறது என்பது பல காலம் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

பகலில் தெரிந்தது வேறு. காலையில் நெற்றியின் இரு பக்கமும் வலிக்கும். பசியாறி முடிப்பதற்குள் அந்த வலி போய்விடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் உலர்ந்திருக்கும். இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்தேன். இனிப்புநீராக இருக்குமோ என்று இரத்தம் சோதித்தார்கள், சர்க்கரை சரியாகவே இருந்தது. இரத்தக் கொதிப்பு மாத்திரை மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. கொம்தாரில் இறங்க வேண்டியவள் பேருந்திலேயே கண் அயர்ந்து, படகுத்துறையில் ஓட்டுநர் குரல் கொடுத்த பிறகு விழித்திருக்கிறேன். ஒரு கிளினிக்கில், "வயசாச்சு டீச்சர், மனச போட்டு அலட்டிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்ட நாட்களில் தலைவலி கூடியது. தூக்க மாத்திரைகளில் சில தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்திவிடும், மூச்சு தடைப்படும்போது மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும் என்று பிறகுதான் அறிந்தேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போவிலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். தண்ணீர்மலைக்குப் போய்த் திரும்பிய களைப்பில் என் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தாள். காலையில் அவள் முகம் சரியில்லை.

"அத்தை, ராத்திரி நீங்க கொஞ்ச நேரம் மூச்சே விடல. அப்புறம் திடீர்னு இழுத்து விட்டீங்க. நான் பயந்துட்டேன்."

கைப்பேசியில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினாள். முதலில் எனக்கு வந்தது வெட்கம். இவ்வளவு பெரிய சத்தம் என் தொண்டையிலிருந்தா வருகிறது என்று கூசியது. பிறகு சத்தம் நின்ற இடத்தைக் கவனித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். மூச்சு வரவில்லை.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதையின் மேல்பகுதி அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அது ஒரு தடை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும்; மூளை உசுப்பி எழுப்பும்; மூச்சு திரும்பும்; மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது. அடைபட்ட பாதைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது இதயத்தின் மேலறையும் இழுபடுகிறது. அப்போது உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் சுரக்கிறது. நான் இரவில் எழுந்துகொண்டே இருந்ததற்கும், கொதிப்பு அடங்காததற்கும் ஒரே வேர், இந்த மூச்சுத் தடைதான்.

மெக்காலிஸ்டர் சாலையில் ஒரு நிபுணரிடம் போனேன். 'ஸ்டாப்-பேங்' என்ற எட்டுக் கேள்விப் படிவத்தை எடுத்தார். டொரண்டோவில் மயக்கவியல் மருத்துவர் பிரான்சஸ் சங் குழுவினர் உருவாக்கி 2008இல் வெளியிட்டது அது. குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, இரத்தக் கொதிப்பு, உடல் பருமன், 50ஐத் தாண்டிய வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா என்பது. பயனுள்ள படிவம்தான். ஆனால் அதைப் பார்த்ததும் என் மனதில் பட்டதைச் சொல்லியே ஆகவேண்டும். எட்டில் இரண்டு கேள்விக்கு வேறொருவர்தான் பதில் சொல்ல முடியும். பெண் என்றால் ஒரு மதிப்பெண் தானாகவே போய்விடும். அண்ணன் மகள் வராமல் இருந்திருந்தால் என் கணக்கு எவ்வளவு குறைந்திருக்கும்! பெண்களுக்குப் பெரும் குறட்டையைவிடக் களைப்பு, தலைவலி, தூக்கமின்மை என்ற முகத்தோடுதான் இந்த நோய் அதிகம் வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. நம் ஆசியர்களுக்குத் தாடை அமைப்பினால் அவ்வளவு பருமன் இல்லாமலே வரும். நானும் பருமனானவள் அல்ல.

முதலில் வீட்டுச் சோதனை. மார்பில் கட்டும் சிறு பெட்டி, நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். சொந்தக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம், செலவும் குறைவு. அன்று எனக்குத் தூக்கம் வரவேயில்லை. குழாய் கழன்றுவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். முடிவு: மணிக்கு 4 தடைகள். 5க்குக் கீழ் என்றால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

மருத்துவர் அந்த 4ஐ ஏற்கவில்லை. வீட்டுக் கருவி பெரும்பாலும் தூங்கிய நேரத்தை அளப்பதில்லை, பதிவான நேரம் முழுவதையும் வைத்து வகுக்கிறது. பாதி இரவு விழித்துக் கிடந்தவருக்குக் கணக்கு குறைவாகத்தான் வரும். அறிகுறி பலமாக இருந்து வீட்டுச் சோதனை 'இல்லை' என்று சொன்னால், மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும் என்பதே முறை என்றார். இதய பலவீனமோ கடுமையான நுரையீரல் நோயோ உள்ளவர்களும், பக்கவாதம் கண்டவர்களும் நேராக அங்கேதான் போகவேண்டும். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தாக்கும் நார்கோலெப்சி போன்றவற்றையும் மூச்சை மட்டும் பார்க்கும் வீட்டுப் பெட்டி பிடிக்காது.

மருத்துவமனையில் தங்கும் இரவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள். தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிப் படுக்கிறவளுக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது. எண்ணெய் இருந்தால் கம்பிகள் ஒட்டாதாம். மதியத்துக்கு மேல் காப்பியும் கூடாது. இரவு ஒரு சீனப் பெண் பொறுமையாக உட்கார்ந்து தலையிலும் கண்ணோரத்திலும் மோவாயிலும் நெஞ்சிலும் கால்களிலும் கம்பிகளைப் பசை வைத்து ஒட்டினாள். மூளை அலை, கண் அசைவு, இதயத் துடிப்பு எல்லாம் பக்கத்து அறைத் திரையில் ஓடும், கேமராவும் உண்டு. இத்தனை மாட்டிக்கொண்டு யார் தூங்குவார் என்று நினைத்தேன். தூங்கினேன்.

முடிவு: மணிக்கு 19. கனவு காணும் தூக்கத்தில் மட்டும் 40ஐத் தாண்டியது. அந்தக் கட்டத்தில்தான் தசைகள் மிகவும் தளரும். விடியலை நெருங்க நெருங்க அந்தக் கட்டம் நீளும். பெண்களிடம் இப்படிக் காண்பது அதிகம் என்றார் மருத்துவர்.

இப்போது சிபேப் கருவியோடு தூங்குகிறேன். முகமூடி வழியாக மெல்லிய காற்றழுத்தம் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்கு அறிவித்த முறை இது. தொடக்கத்தில் திணறல்தான்; முகமூடி அளவை மாற்றிய பிறகு பழகியது. காலைத் தலைவலி போய்விட்டது. மூன்றாவது கொதிப்பு மாத்திரையை மருத்துவர் நிறுத்தினார். பழைய கருவியை யாரிடமாவது வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. எந்த மாடல், எந்த ஆண்டு என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

இதைச் சாதாரணக் குறட்டை என்று தள்ளுகிறவர்களிடம் நான் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வேன். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது மருத்துவர்கள் சொன்ன காரணம் ஸ்லீப் ஆப்னியா. நியூயார்க்கில் 2013 டிசம்பர் 1 அன்று ரயில் தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து, மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடக்கும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். நாம் கவலைப்பட இன்னொன்றும் உண்டு. மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் வயது வந்த இந்தியர்களில் 31 சதவீதத்துக்கு மேல் இனிப்புநீர் இருந்தது. எல்லா இனங்களிலும் அதுவே அதிகம். இனிப்புநீரும் இந்த நோயும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது சகஜம்.

ஆகவே, தனியாக இருக்கும் அம்மாவையோ அத்தையையோ பார்க்கப் போனால் ஓர் இரவு அவர்கள் அறையிலேயே படுங்கள். மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள், பதிவு செய்யுங்கள், கேலி செய்யாமல் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனைக்கு வசதி இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போய், அந்தப் பதிவைக் காட்டி, நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். காத்திருக்க வேண்டி வரும். ஆனால் அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.