திண்ணையும் சிரட்டையும்

சென்ற மாரிக்காலத்தில் ஒரு நாவலை வாசிக்க நேர்ந்தது. 'திண்ணை' என்பது அதன் பெயர். பெயர் தமிழாயினும் நூல் எழுந்த மொழி பிரெஞ்சு. ஆசிரியர் அரி கோத்தியே, மடகாஸ்கரின் தலைநகரில் பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்து, நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் குடியேறியவர். 2018இல் வெளிவந்த நாவல் 2021இல் பிளேக் ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தது. பிரெஞ்சு அறியாத நான் அந்த ஆங்கிலத்தின் வழியாகவே அதனுள் நுழைந்தேன்.

கதை நிகழுமிடம் புதுச்சேரியின் குருசுக்குப்பம். கடலோரத்தில் உழைக்கும் மக்கள் வாழும் பகுதி. நெடுங்காலத்தின் பின் ஊர் திரும்பும் ஒருவனின் நினைவில், அவன் வீட்டுத் திண்ணைக்கு வந்தமர்ந்த கில்பேர் தாத்தா என்னும் நாடோடிக் கிழவர் உயிர் பெறுகிறார். அவர் சொல்லும் கதைகளோடு ஒரு நகரத்தின் வரலாறும் விரிகிறது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் வழமைச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, பிரெஞ்சுப் பெயர் சூடிக்கொண்ட தமிழர்கள் அந்நகரில் உண்டு. பெயர் மாறியது, சாதி மாறியதா என்பது வேறு கேள்வி. கலப்பினத்தவருள்ளும் மேலோர், கீழோர் என்ற பிரிவு இருந்தது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலுமிருந்து கப்பல்கள் ரியூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழரை ஏற்றிச் சென்றன.

நாவலில் வரும் வைரக்கல்லின் கதை எனக்கு அத்துணை சுவைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைரங்களைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியவர்கள் அந்தக் குப்பத்து மனிதர்களே. ஆண்டவனின் மொழியாகவும் ஆண்டவரின் மொழியாகவும் அங்கே வந்திறங்கிய பிரெஞ்சில், மீன் விற்பவரும் குடிகாரரும் வேலைக்காரியும் உரிமையோடு உலாவுகிறார்கள். இஃது எளிய காரியமன்று.

திண்ணை என்பது என்ன? வழிப்போக்கனுக்கு நிழல் தரும் இடம் என்று பெருமை பேசுகிறோம். உண்மைதான். ஆனால் "இதற்குமேல் வராதே" என்று சொல்லும் எல்லையும் அதுவே அல்லவா?

எங்கள் வீடு தலைமன்னாரில் புகையிரதப் பாதைக்கு அண்மையில் இருந்தது. எழுபதுகளில் நான் சிறுவன். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர். ஐந்தேகால் இலட்சம் மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் கணக்கு முடிந்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1948இல் அவர்களின் குடியுரிமையைப் பறித்தபோதும் கேட்கவில்லை. அவர்களுடைய பாட்டன்மார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் மாண்டவர்கள் பலர். இப்போது பேரப்பிள்ளைகள் தகரப் பெட்டிகளோடு புகையிரதத்தில் வந்திறங்கி, இராமேஸ்வரக் கப்பலுக்குக் காத்திருந்தனர்.

வெயில் தாளாது சிலர் எங்கள் திண்ணைக்கு வருவதுண்டு. அப்பாச்சி விரட்டமாட்டார். "பாவம், தோட்டக்காட்டுச் சனம்" என்பார். தண்ணீரும் கொடுப்பார், ஆனால் செம்பில் அன்று, சிரட்டையில். தினமும் செபமாலை சொல்லும் பெண்மணி அவர். அவருக்கு அதில் முரண் எதுவும் தோன்றவில்லை. எனக்கும் அந்த வயதில் தோன்றவில்லை.

ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். சிரட்டையைக் கையில் வாங்கி, குழந்தைக்கு முதலில் புகட்டி, மிகுந்ததைத் தான் குடித்தாள். பிறகு அப்பாச்சியைப் பார்த்து, "அம்மா, அங்கிட்டும் இப்படித்தான் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் கோபமில்லை. போகும் நாட்டைப் பற்றி அறிய விரும்பிய ஒருத்தியின் கேள்வி அது. இந்தியாவை அவள் கண்டதில்லை.

அப்பாச்சி பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் கதவிடுக்கிலிருந்து எனக்குச் சைகை காட்டினார். நான் அந்தச் சிரட்டையை எடுத்துப்போய் வேலியோரம் வீசினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1984இல் கப்பல் நின்றது. போரில் அந்தப் புகையிரதப் பாதையும் அழிந்தது. 2015இல் மீண்டும் தண்டவாளம் போட்டார்கள். எங்கள் வீடு இல்லை. திண்ணை இருந்த இடத்தில் உடைந்த சீமெந்து மட்டும் கிடக்கிறது.

கில்பேர் தாத்தாவுக்கு அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் தந்த பெயரும் இருக்கையும் நாவலை மூடிய பின்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. எங்கள் திண்ணையில் அன்று அரை நாள் இருந்தாள் அவள். மண்டபம் முகாமுக்குப் போனாளோ, நீலகிரித் தேயிலைக்குப் போனாளோ. நாங்கள் அவளிடம் பெயர் கேட்கவில்லை.