சம்பளம் அக்கரையில், சேறு இக்கரையில்

கொச்சிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த ஊர் கும்பளங்கி. ஜூனில் பொக்காளி நெல் விதைப்பார்கள். உப்பைத் தாங்கும், உரம் கேட்காத ரகம். அக்டோபர் வாக்கில் தண்ணீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். அழுகும் தாள், அடுத்து அதே வயலில் ஏப்ரல் வரை வளரும் இறாலுக்குத் தீனி. கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் அந்தச் சேற்றில் இயந்திரம் ஓடாது, ஆள்தான் இறங்கவேண்டும். ஆட்களையோ எழுபதுகளிலிருந்தே வளைகுடா அழைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே மாதம் பிறந்தால் சம்பளம்; இங்கே மழை பார்த்துத்தான் வருமானம். போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008இல் கிடைத்த புவிசார் குறியீடும் கூலியை உயர்த்திவிடவில்லை. இறால் மட்டும் போதுமென்று பலர் நெல்லைக் கைவிட்டார்கள். மாதிரிச் சுற்றுலாக் கிராமமான பிறகு, வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்து, சீன வலையைக் காட்டிச் சிலர் ஊரோடு பிழைக்கிறார்கள். அறுப்புக்கு இறங்குவதோ பெரும்பாலும் வயதான பெண்கள்.